கொன்ற விதமும் சொன்ன விதமும்

ஏறத்தாழ 11 கோடி ஆண்டுகளுக்கு முன் இறந்துபோன ஒரு விலங்கின்மீது நாம் பொய்ச்சாட்சி சொல்ல முடியுமா? கேள்வி விளையாட்டாகத் தோன்றலாம். எட்டாம் கட்டளை அயலானுக்கு எதிரான பொய்ச்சாட்சியையே விலக்குகிறது. பாறைக்குள் கல்லாகிக் கிடக்கும் டைனோசர் எவருக்கும் அயலானல்ல. இழப்பதற்கு அதற்கு நற்பெயரும் இல்லை. ஆயினும் கடந்த சில மாதங்களாக இந்தக் கேள்வி என்னை விட்டபாடில்லை. அதற்குச் சொந்தக் காரணம் ஒன்று உண்டு. அதைக் கடைசியில் சொல்கிறேன். முதலில் விலங்கின் கதையைச் சொல்லிவிட வேண்டும்.

1964ஆம் ஆண்டுக் கோடையில், யேல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜான் ஆஸ்ட்ராம் என்னும் தொல்லுயிர் ஆய்வாளர் அமெரிக்காவின் மான்டானா மாநிலத்தில் தம் குழுவினருடன் புதைபடிவங்களைத் தேடிக்கொண்டிருந்தார். மண்சரிவொன்றில் கூரிய நகங்களுடன் ஒரு கையின் எலும்புகள் துருத்திக்கொண்டிருந்தன. தோண்டத் தோண்டப் பாதமும் கிடைத்தது. அந்தப் பாதத்தின் இரண்டாம் விரலில் இருந்த நகம் மற்றவற்றைப் போன்றதன்று. கதிர் அரிவாளைப் போல் வளைந்து, ஏறத்தாழ 12 சென்டிமீட்டர் நீளம் இருந்தது. 1969இல் அவர் அவ்விலங்குக்கு டைனோனைக்கஸ் என்று பெயரிட்டார். 'அச்சம் தரும் நகம்' என்பது அக்கிரேக்கச் சொல்லின் பொருள். மூக்கிலிருந்து வால்நுனி வரை 3 மீட்டருக்குச் சற்று அதிகமான நீளம். இரு கால்களில் நடப்பது. வால் மட்டும் கம்புபோல் விறைத்து, உடலைச் சமன்செய்ய உதவுவது.

இந்த நகம் எதற்கு? ஆஸ்ட்ராம் பொறுமையாகச் சிந்தித்தார். நடக்கும்போது அந்த விரல் தரையில் படாமல் மேலே தூக்கி வைக்கப்பட்டிருந்தது. ஆகவே முனை மழுங்காமல் காக்கப்பட்டது. ஆகவே அது ஆயுதம். விலங்கு ஒற்றைக் காலில் நின்று, வாலால் சமன்செய்துகொண்டு, மற்றக் காலால் உதைத்து, இரையின் வயிற்றை மேலிருந்து கீழாகக் கிழித்துக் குடலைச் சரித்திருக்க வேண்டும் என்று முடிவு கட்டினார். அதே ஆய்வில்தான், டைனோசர்கள் மந்தமாக ஊர்ந்து திரிந்த பெரும் பல்லிகள் என்று அதுவரை நிலவிய எண்ணத்தை அவர் அசைத்தார். அவை விரைவும் துடிப்பும் கொண்டவை என்றார். பின்னாளில் பறவைகள் அவற்றின் வழியில் வந்தவையே என்றும் வாதிட்டார். இவ்விரண்டிலும் காலம் அவர் பக்கமே நின்றது. ஒரே கையால், ஒரே ஏட்டில், ஒரே உறுதியுடன் எழுதப்பட்டவற்றுள் பெரியது நிலைத்தது, உதை நிலைக்கவில்லை. அறிவாளிகளின் நூல்களை வாசிக்கும்போது இதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

ஆனால் மக்கள் மனத்தில் நிலைத்தது அந்த உதைதான். 1993இல் வெளிவந்த 'ஜுராசிக் பார்க்' திரைப்படத்தில், அகழ்விடத்தில் அலட்சியமாகப் பேசும் ஒரு சிறுவனின் வயிற்றருகே நகத்தைக் கொண்டுசென்று, அது எவ்வாறு கிழிக்கும் என்று ஆய்வாளர் ஒருவர் அவனை நடுங்கச் செய்வார். படத்தில் அவ்விலங்குக்கு வெலாசிராப்டர் என்று பெயர். உடலளவோ டைனோனைக்கஸை ஒத்தது. உண்மையான வெலாசிராப்டர் வான்கோழியைவிட அதிக எடை கொண்டதன்று. நான் அப்போது குருமட மாணவன். விடுமுறையில் படத்தைப் பார்த்துவிட்டு வந்து, இரவு உணவுக்குப் பின் உடன் பயின்றவர்களுக்குக் கட்டைவிரலை வளைத்து அந்தக் காட்சியை நடித்துக் காட்டியது நினைவிருக்கிறது. பின்னர் மறைக்கல்வி வகுப்புச் சிறுவர்களுக்கும் நடித்துக் காட்டியிருக்கிறேன். வகுப்பு அத்தனை அமைதியாக இருந்த நாள் வேறில்லை.

ஏறக்குறைய 36 ஆண்டுகள் எவரும் அந்த நகத்தைச் சோதித்துப் பார்க்கவில்லை. 2005இல் இங்கிலாந்தின் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஃபில் மானிங்கும் அவருடைய தோழர்களும் ஒரு காரியம் செய்தார்கள். இயந்திரக் கால் ஒன்றைச் செய்து, அதில் அளவு பிசகாமல் அந்த நகத்தைப் பொருத்தி, இறந்த பன்றியின் உடல்மீது முழு விசையுடன் உதைக்கவிட்டார்கள். வயிறு கிழியவில்லை. நகம் சில சென்டிமீட்டர் ஆழத்திற்குக் குத்தி இறங்கியது. கீழ்நோக்கி இழுத்தபோது தசை அதன் முன்னே சுருண்டு திரண்டு வழியை அடைத்துக்கொண்டது. காரணம் எளியது: நகத்தின் உட்புறம் கத்திபோல் தீட்டப்பட்ட விளிம்பு அன்று, உருண்டையானது. கொக்கியால் குத்தலாம், தொங்கலாம்; துணி வெட்ட முடியாது. எலும்பைக் கையில் வைத்திருந்த எவரும் விரலால் தடவிப் பார்த்தே இந்த ஐயத்தை எழுப்பியிருக்கலாம் என்று இப்போது நமக்குத் தோன்றுகிறது. அரிவாள் என்று ஒருமுறை பெயர் சூட்டிவிட்ட பிறகு யார் விளிம்பைத் தடவிப் பார்க்கிறார்கள்?

மங்கோலியாவின் கோபிப் பாலைநிலத்தில் 1971இல் கிடைத்த புகழ்பெற்ற புதைபடிவம் ஒன்று உண்டு. வெலாசிராப்டர் ஒன்றும், ஆட்டளவே உள்ள புரோட்டோசெராட்டாப்ஸ் என்னும் தாவர உண்ணியும் கட்டிப் புரண்ட நிலையிலேயே மணலுள் புதையுண்டு கல்லாகிவிட்டன. இரை வேட்டையாடியின் முன்கையைக் கடித்திருக்கிறது. வேட்டையாடியின் கால்நகம் இரையின் கழுத்தருகே இருக்கிறது. கிழிக்கும் நகம் என்று நம்பியவர்கள் இதையே சான்றாகக் காட்டினார்கள். குத்தும் நகம் என்று சொல்பவர்களும் இன்று இதையே காட்டுகிறார்கள். எலும்பு இடம் மாறவில்லை. பேசாத சாட்சியை இரு தரப்பும் அழைத்துக்கொள்ளலாம் போலும்.

2011இல் டென்வர் ஃபௌலர் என்னும் ஆய்வாளரும் உடன் உழைத்தவர்களும், இன்று வாழும் கழுகு, பருந்து, ஆந்தை முதலியவற்றின் பாதங்களோடு டைனோனைக்கஸின் பாதத்தை ஒப்பிட்டு வேறொரு விளக்கத்தை முன்வைத்தார்கள். பருந்தினப் பறவைகளுக்கும் இரண்டாம் விரல்நகம் பெரிது. பாதத்துக்குள் அடங்காத இரையை அவை தரையில் அழுத்தி, நகத்தை இறுக்கி, தம் உடலெடையாலேயே எழவொட்டாமல் செய்கின்றன. நிலைதடுமாறாமல் இருக்கச் சிறகை அடித்துக்கொள்கின்றன. எங்கள் பங்குக் கோவில் வளாகத்தில் ஒரு மாலை வல்லூறு ஒன்று புறாவை அவ்வாறு அழுத்திக்கொண்டிருந்ததைக் கண்டேன். அது புறாவைக் கொல்லவில்லை. கொல்வதற்குக் காத்திராமல் உண்ணத் தொடங்கிவிட்டது. புறாவின் கண் திறந்திருந்தது. நான் கல்லெடுத்து விரட்டலாமா என்று நினைத்து, எதுவும் செய்யாமல் நின்றேன்.

டைனோனைக்கஸும் அப்படித்தான் செய்தது என்பது அந்த ஆய்வின் கருத்து. இங்கே நிதானிக்க வேண்டும். பழைய கோட்பாடு அவ்விலங்கின்மீது சுமத்தப்பட்ட அவதூறு என்றும், புதிய கோட்பாடு அதை விடுவித்துவிட்டது என்றும் எழுத என் பேனா துடித்தது. அது உண்மையன்று. ஒரே உதையில் குடலைச் சரிப்பதைவிட, உயிரோடு அழுத்தி வைத்து உண்பது மெதுவான சாவு. உண்மை விலங்கை மென்மையாக்கவில்லை. நாம் கற்பித்த கொடுமையை நீக்கிவிட்டு, வேறொரு கொடுமையை அதன் இடத்தில் வைத்தது.

புனித தோமா அக்குவினாஸ் இங்கே துணைக்கு வருகிறார். தமிழ் மாணவர்கள் 'சும்மா' என்று சுருக்கிச் சிரிக்கும் அவரது பெருநூலில், நீதியைப் பற்றிப் பேசும் பகுதியில், தீர்ப்பிடுதல் என்ற பொருளை அவர் ஆராய்கிறார். பிறர் செயல் ஐயத்துக்கு இடமாக இருந்தால் நல்லெண்ணத்தோடு பொருள்கொள்ள வேண்டும் என்பது அவர் முடிவு. கெட்டவனை நல்லவனென்று எண்ணிப் பலமுறை ஏமாந்தாலும், நல்லவனை ஒருமுறை கெட்டவனென்று எண்ணி அநீதி செய்வதைவிட அது மேல். இதை மறையுரைகளில் அடிக்கடி கேட்டிருப்பீர்கள். இதன் பின் வருவதை நாங்கள் அவ்வளவாகச் சொல்வதில்லை. மனிதரைத் தீர்ப்பிடுவது வேறு, பொருள்களைத் தீர்ப்பிடுவது வேறு என்கிறார் அவர். ஒரு பொருளைப்பற்றி நான் எவ்வளவு தவறாக எண்ணினாலும் அதற்கு நட்டமில்லை. அங்கே நன்மையோ தீமையோ அடைபவன் தீர்ப்பிடுகிறவன் மட்டுமே. ஆகையால் பொருள்களைப் பொறுத்தவரை நல்லெண்ணம் காட்டுவது கடமையன்று. அவை எப்படி இருக்கின்றனவோ அப்படியே எண்ண முயல்வதுதான் கடமை.

குருமடத்தில் இந்தப் பகுதியைப் படித்தபோது இது வறண்ட நுணுக்கம் என்று கடந்து போனேன். டைனோனைக்கஸின் நகத்தைப்பற்றிப் படித்த பிறகே அதன் கனம் புரிந்தது. கல்லாகிவிட்ட விலங்குக்கு ஆஸ்ட்ராமின் தவறால் ஒரு கேடும் இல்லை. கட்டைவிரலை வளைத்து நடித்துக் காட்டிய எனக்கு? கிழிக்கும் காட்சியை நான் ஏன் அவ்வளவு எளிதில் நம்பினேன்? சான்றைக் கேட்டா? இல்லை. அது சொல்லச் சுவையாக இருந்தது, கேட்பவர் முகம் மாறியது, அவ்வளவே. இந்தப் பழக்கம் விலங்கோடு நிற்குமா என்பதுதான் என் அச்சம். அடுத்த தெருப் பெண்ணைப்பற்றி வரும் செய்தியையும் நாம் அதே சுவைக்காகத்தானே நம்புகிறோம்?

ஆய்வாளர்களின் உலகிலும் இந்தச் சபலம் புதிதன்று. 1917இல் கனடாவின் லாரன்ஸ் லேம் என்பவர், கார்கோசாரஸ் என்னும் ஊனுண்ணியின் பற்கள் தேயாதிருப்பதைக் கண்டு, அது வேட்டையாடவே இல்லை, அழுகிய பிணங்களின் மென்தசையைத் தின்று சோம்பிக் கிடந்தது என்றார். அவ்வினத்தின் பற்கள் வாழ்நாள் முழுதும் விழுந்து முளைப்பவை. தேயாததற்கு அதுவே காரணம் என்று பின்னர் தெரிந்தது. 1990களில் ஜாக் ஹார்னர் டைரனோசாரஸையும் பிணந்தின்னி என்றே வாதிட்டார். அதற்கு வந்த மறுமொழிகளுள் ஒன்று எனக்கு மிகவும் பிடித்தது. 2013இல் வெளியான ஆய்வு அது. வாத்தலகு கொண்ட தாவர உண்ணி ஒன்றின் வாலெலும்பில் டைரனோசாரஸின் பல் முறிந்து பதிந்திருந்தது. அதைச் சுற்றி எலும்பு மீண்டும் வளர்ந்து காயம் ஆறியிருந்தது. பிணத்தின் காயம் ஆறாது. கடிபட்டது உயிரோடிருந்தது, தப்பித்தது, நெடுநாள் வாழ்ந்தது. வேட்டை நடந்ததற்குச் சாட்சி சொன்னது தப்பிய இரையே.

நம் மண்ணிலும் ஒரு வழக்கு உண்டு. அரியலூர்ப் பக்கம் கல்லமேட்டில் கிடைத்த மாபெரும் எலும்புகளை 1980களின் பிற்பகுதியில் விவரித்த யாதகிரி, அய்யாசாமி ஆகிய இரு நிலவியலாளர்கள், பெருவுடலன் என்ற பொருள்பட 'புருஹத்காயோசாரஸ்' என்று பெயரிட்டு, அதை ஊனுண்ணிகளின் வரிசையில் சேர்த்தார்கள். அது நீள்கழுத்துத் தாவர உண்ணி என்பது பிற்பாடு ஏற்கப்பட்டது. எலும்புகளோ மண்ணின் ஈரத்தில் சிதைந்து போயின; வரைபடங்களும் பழைய ஒளிப்படங்களுமே மிஞ்சியுள்ளன. மேல்முறையீடு செய்ய எலும்பும் இல்லாத வழக்கு அது.

இனி என் வழக்குக்கு வருகிறேன்.

1992இல் வில்லியம் ஏப்ளர் என்பவர் டைரனோசாரஸின் பற்களை ஆராய்ந்தார். பல்லின் ஓரத்தில் ரம்பம்போல் சிறு பற்கள். அவற்றினிடையே நுண்ணிய பைகள். அவற்றில் இறைச்சித் துணுக்குகள் தங்கி அழுகி, நோய்க்கிருமிகள் பெருகி, கடியையே நஞ்சாக்கியிருக்கும் என்று அவர் கருதினார். கடிபட்ட இரை தப்பினாலும் காயம் அழுகிச் சாகும். வேட்டையாடி பின்தொடர்ந்து சென்று உண்ணும். இதற்கு அவர் காட்டிய ஒப்புமை இந்தோனேசியாவின் கொமோடோ உடும்பு. அதன் கடி கிருமிகளால் கொல்கிறது என்பது அன்று அனைவரும் ஏற்ற செய்தி. வால்டர் ஆஃபன்பர்க் என்பவர் அத்தீவில் ஓராண்டளவு தங்கி ஆராய்ந்து 1981இல் எழுதிய நூலின் வழியே அது பரவியிருந்தது.

ஆனால் ஒப்புமைக்குத் தூணாக நின்ற செய்தியே பின்னர் சரிந்தது. 2009இல் பிரையன் ஃப்ரை தலைமையிலான ஆய்வு, அந்த உடும்பின் கீழ்த்தாடையில் நஞ்சுச் சுரப்பிகள் இருப்பதைக் காட்டியது. இரத்தம் உறையாமலும் அதன் அழுத்தம் குறையுமாறும் செய்யும் நஞ்சு அது. அந்த நஞ்சின் பங்கு எவ்வளவு என்பதில் இன்னும் கருத்து வேறுபாடு உண்டு. கிருமிகளைப் பொறுத்தவரை, 2013இல் நிகழ்ந்த ஆய்வொன்று, அந்த உடும்புகளின் வாயில் உள்ளவை பிற ஊனுண்ணிகளின் வாயில் உள்ளவற்றைப் போன்றவையே என்று கண்டது. கடிபட்டு அழுகிச் செத்த எருமைகள்? எருமை அத்தீவுகளுக்கு மனிதன் கொண்டுசேர்த்த விலங்கு. காயத்தோடு தப்பிய எருமை, தன் இயல்புப்படி குட்டைக்குப் போய்ச் சாணமும் சேறும் கலந்த நீரில் நிற்கும். காயம் அங்கே சீழ்பிடிக்கும் என்பது இன்றைய விளக்கம். குட்டையின் பழியை உடும்பின் வாய் சுமந்தது. டைரனோசாரஸுக்கோ, எலும்பையே நொறுக்கும் தாடை இருந்தது. அழுகலுக்காகக் காத்திருக்கும் தேவை அதற்கு இருந்ததாகத் தெரியவில்லை.

கொமோடோ உடும்பை நான் பல ஆண்டுகளாகப் புறணியைப்பற்றிய மறையுரையில் பயன்படுத்தி வந்தேன். "கடி சிறியது; வாயின் அழுக்கே கொல்கிறது; கடித்தது அவசரப்படாமல் பின்னால் நடந்துவரும்" என்பேன். கூட்டம் அசையாது. சென்ற ஆண்டு ஒரு ஞாயிறு திருப்பலிக்குப் பின், உயிரியல் ஆசிரியராகப் பணிபுரியும் இளைஞர் ஒருவர் என்னிடம் தனியே வந்தார். "ஃபாதர், அந்த உடும்பு விஷயம் இப்போது ஏற்கப்படுவதில்லை" என்று தயங்கித் தயங்கிச் சொன்னார். எனக்கு எரிச்சல். "தம்பி, அது உவமைதானே" என்றேன். அவர் எதிர்த்துப் பேசவில்லை. மறுவாரம் தாமே தேடியெடுத்த சில கட்டுரைகளைக் கொண்டுவந்து கொடுத்தார். படித்தேன். மேலே நான் எழுதியிருப்பவற்றுள் பல அந்தத் தாள்களிலிருந்து தொடங்கியவையே.

உவமைக்கு உண்மை தேவையா என்று கேட்கலாம். நரியும் காகமும் பேசும் கதையைச் சொல்பவர் எவரையும் ஏமாற்றுவதில்லை. கேட்பவருக்கு அது கதையென்று தெரியும். நான் சொன்னது அப்படியன்று. "அறிவியலாளர் கண்டறிந்துள்ளனர்" என்று தொடங்கிச் சொன்னேன். அந்தச் சொல்லின் பலத்தில்தான் உவமை நின்றது. ஆஸ்ட்ராமும் ஏப்ளரும் தாம் நம்பியதைச் சொன்னார்கள். சோதிப்பதற்கு வழிவிட்டுச் சொன்னார்கள். அதைப் பொய்யென்று எந்த ஒழுக்க இறையியலும் கூறாது. நான் அறியாமல் சொல்லிவந்த ஆண்டுகளும் அப்படியே. ஆனால் அந்தத் தாள்களைப் படித்து முடித்த இரண்டு மாதங்களில், வேறொரு பங்கில் தவக்காலத் தியானம் நடத்தப் போனேன். இரண்டாம் நாள் மாலை பேச்சு தொய்வடைந்தது. மின்விசிறிக்குக் கீழே பலர் கண்ணயர்ந்தார்கள். நான் உடும்பை எடுத்தேன். நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். வாயிலிருந்து சொல் வரும்போதே அது தவறென்று எனக்குத் தெரியும். புறணி பேசாதிருங்கள் என்று சொல்வதற்காகவே, தெரிந்தே, ஒரு பொய்யைச் சொன்னேன்.

எங்கள் பங்கில் அடுத்து வந்த ஞாயிறன்று, அறிவிப்புகளின்போது உடும்பைப்பற்றி நான் சொல்லிவந்தது தவறு என்றேன். சிலர் சிரித்தார்கள், அந்த ஆசிரியர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். வாசலில் ஒரு மூதாட்டி, "சாமி, உடும்பு எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு, அதை எதுக்காகச் சொன்னீங்கன்னுதான் மறந்துபோச்சு" என்றார். தியானம் நடத்திய பங்கின் குருவுக்கும் கடிதம் எழுதி, அதை மக்களுக்கு வாசிக்கும்படி வேண்டினேன். நல்ல நண்பர் அவர். திருமண அறிவிப்புகளுக்கு முன் வாசிப்பதா, பின் வாசிப்பதா என்று கேட்டு நகைச்சுவையாகப் பதில் எழுதினார். வாசிக்கவில்லை என்று பின்னர் அறிந்தேன்.

அன்று மாலை அங்கே அமர்ந்திருந்தவர்களுள் பலர் இந்த இதழைப் படிப்பவர்கள். அவர்களுக்குச் சொல்கிறேன்: கொமோடோ உடும்பின் வாய் மற்ற ஊனுண்ணிகளின் வாயைவிட அழுக்கானதன்று.